நான்காவது பெட்டி

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு அவ்வளவாகத் தாகம் எடுப்பதில்லை. இதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். மண் மில்லில் நின்ற காலத்தில் தண்ணீர்ப் பானையைக் கண்டால் விடமாட்டேன். கண்ணாடி அறைக்கு வந்த பிறகு, காலையில் கொண்டுபோன பாட்டிலில் பாதி சாயங்காலம் வீட்டுக்கே திரும்பி வரும். என் மனைவி அங்கம்மா அதை வாசலில் இருக்கும் செடிக்கு ஊற்றுவாள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, எல்லாவற்றையும் முதலிலிருந்து வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் பெயர் கன்னியப்பன். வீடு கரையான்சாவடி. வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்பை உருக்கி பம்பு செட்டுக்கு உடல் வார்க்கிற ஃபவுண்டரியில். இறந்துபோன வேம்புலி என் மனைவிக்குத் தம்பி. அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

இரும்பை ஊற்றுவதற்கு மண்ணில் அச்சு செய்ய வேண்டும். அந்த மண்ணைக் கலக்குவது மண் மில். நெஞ்சு உயரத்துக்கு ஒரு வட்டமான இரும்புத் தொட்டி, மேலே தூசிக்கு ஒரு மூடி, ஓர் ஆள் நுழைகிற அளவுக்குப் பக்கத்தில் ஒரு கதவு. உள்ளே கனத்த சக்கரம் இரண்டும் கலப்பை மாதிரி தகடுகளும் சுற்றும். மண்ணோடு களிமண் பொடியும் நிலக்கரித் தூளும் தண்ணீரும் சேர்ந்து அரைபடும். நான் என் இளமையை அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கழித்தேன். குறை சொல்வதற்காக எழுதவில்லை. அங்கே நின்றவர்கள் எல்லோருமே அப்படித்தான்.

தினமும் மதியம் மில் நின்ற பிறகு யாராவது உள்ளே இறங்கி, சுவரில் அப்பிய மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மறுநாள் கல்லாகிவிடும். இறங்குகிறவன் முதலில் ஷெட்டின் மறுகோடியில் இருக்கும் போர்டு ரூமுக்குப் போவான். மில்லின் பீஸ் கட்டைகள் மூன்றையும் உருவித் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொள்வான். கட்டை போர்டில் இல்லையென்றால் கரண்ட் வராது. யாராவது தெரியாமல் போர்டில் இருக்கும் பொத்தானை அழுத்தினாலும் மில் சுற்றாது. இது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. கட்டை இல்லாத இடத்தைப் பார்த்தால் யாரும் கை வைக்கமாட்டார்கள், அவ்வளவுதான். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு எங்கள் ஷெட்டில் முதலில் சொல்லித் தருவது இரண்டு விஷயம். கக்கூஸ் எங்கே இருக்கிறது, கட்டையை எப்படி மடியில் முடிவது.

தொண்ணூற்றைந்து கடைசியில் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மண்ணு வேலையா?”

“ஆமா சார்.”

“விட்டுடு.”

“உட்டுட்டு எங்க சார் போறது?”

“அதுக்கு மருந்து என்கிட்ட இல்லப்பா” என்றார். நல்ல மனிதர்தான். இன்னும் கொஞ்ச காலம் அந்தத் தூசியில் நின்றால் படுத்துத் தூங்க முடியாது, உட்கார்ந்துதான் தூங்க வேண்டிவரும் என்று விளக்கமாகச் சொன்னார்.

அடுத்த வருடம் எங்கள் முதலாளி கம்ப்யூட்டர் போட்டார். அதற்காக ஞானகுமாரி என்று ஒரு பெண் வந்தார். சின்ன வயது, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. கம்ப்யூட்டரோடு வருவார் என்று பார்த்தால் சுருட்டிய சார்ட் தாளும் பென்சிலும் ரப்பருமாக வந்தார். ஷெட்டில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு பெட்டி வரைந்தார். அச்சு ஒரு பெட்டி, மண் ஒரு பெட்டி, மில், ஆள், ஷிப்ட் எல்லாம் ஒவ்வொரு பெட்டி. எது எதோடு சேரும் என்று அம்புக்குறி போட்டார். அவருக்கு விளக்கம் சொல்ல ஷெட்டிலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்றதும் மேனேஜர் இக்னேஷியஸ் சார் என்னை அனுப்பினார். மில்லைத் தவிர மற்ற இடங்களிலும் வேலை பார்த்தவன் நான். நாற்பது வயதுக்கு மேல் அறிவொளி வகுப்பில் படித்தவன் என்பதால் என் எழுத்து குண்டு குண்டாகத் தனித்தனியாக நிற்கும், யாரும் படிக்கலாம். என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம் என்று சொன்னார்.

“அண்ணே, இதை நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க?” என்று கேட்பார் ஞானகுமாரி.

“மண் மில்லு.”

“ஸ்டோர்ல மிக்சர்ங்கறாங்க. ஆபீஸ்ல சாண்ட் பிளான்ட்ங்கறாங்க. மூணும் ஒண்ணுதானா?”

“ஒண்ணுதாம்மா.”

“அதான் ஒரே பெல்ட்டை மூணு பேர்ல வாங்கி அடுக்கி வெச்சிருக்காங்க.”

வண்டி தள்ளிக்கொண்டு போன வேம்புலி அங்கேயே நின்றுவிட்டான். அவனுக்குப் பேச்சு நடக்கிற இடத்தைத் தாண்டிப் போக முடியாது. “எங்க மாமனுக்குக்கூட மூணு பேரு மேடம். ரேஷன் கார்டுல ஒண்ணு, ஊட்டுல ஒண்ணு, எங்க அக்கா கோவத்துல கூப்புடறது ஒண்ணு. இதுல எத்த எழுதப் போறீங்க?”

அந்தப் பெண் சிரித்துவிட்டார். “மூணாவது என்னன்னு சொல்லுங்க, அதையே போட்டுக்கலாம்.”

“வேணாம் மேடம். கம்ப்யூட்டரு கெட்டுப்பூடும்.”

ஞானகுமாரி செய்த வேலையை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான். ஆபீஸ், ஸ்டோர், ஷெட் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும், எழுத வேண்டும். அதற்கு ஒரு பொதுச் சொல் பட்டியல். அதை யாரும் தனியாக உட்கார்ந்து எழுதுவதில்லை. பெட்டிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் பட்டியலை அதுவே அச்சடித்துக் கொடுத்துவிடும். பெட்டி இருந்தால் சொல் இருக்கும். பெட்டி இல்லாததற்குச் சொல் கிடையாது. இங்கிலீஷில் வந்த பட்டியலுக்குப் பக்கத்தில், அவர் சொல்லச் சொல்ல, தமிழை நான் கையால் எழுதினேன். ஜெராக்ஸ் எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டினார்கள். அத்தனை சுவரிலும் என் கையெழுத்து. அன்று நான் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததாக ஞாபகம்.

பட்டியலுக்கு முன்னால் நடந்த ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும்.

இக்னேஷியஸ் சார் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டர் வந்ததும் கண்ணாடி அறையில் ஓர் ஆள் உட்கார்ந்து, எந்த மெஷின் எந்த நிலையில் இருக்கிறது என்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது நான்தான். நாற்காலி, மின்விசிறி, சாத்திய கதவு. டாக்டரிடம் இல்லாத மருந்து அந்த அறையில் இருந்தது.

மெஷின் ஒவ்வொன்றுக்கும் அறைக்குள் இரண்டு பல்பு வைத்தார்கள். ஓடினால் பச்சை. நின்றால் சிவப்பு. இரண்டும் அணைந்தால் கரண்ட் இல்லை, அதாவது பழுது. ஞானகுமாரி மில் பெட்டிக்குக் கீழே மூன்று சின்னப் பெட்டி வரைந்தார். ஓட்டம், நிறுத்தம், பழுது. வரைந்துகொண்டிருக்கும்போது வேம்புலி மில்லிலிருந்து வெளியே வந்தான். தலையெல்லாம் கறுப்பு மண். இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கட்டைகளை எடுத்தான். அது என்ன என்று அந்தப் பெண் கேட்டார். அவனும் சொன்னான். கேட்டுவிட்டு, நான்காவதாக ஒரு பெட்டி வரைந்து, ‘ஆள் உள்ளே’ என்று எழுதினார்.

“இதுதான் அண்ணே ரொம்ப முக்கியம்” என்றார் என்னிடம். “ஆனா ஒரு சிக்கல். கட்டையை எடுத்தா ரெண்டு பல்பும் அணைஞ்சிடும். பழுதுன்னாலும் அணைஞ்சிடும். கண்ணாடி ரூம்ல இருந்து பாத்தா வித்தியாசம் தெரியாது. மில் பக்கத்துல நிக்கறவர்தான் சொல்ல முடியும். அப்ப கீபோர்டை அங்கதான் வைக்கணும். ஆளும் அங்கதான் இருக்கணும்.”

அங்கே என்றால் தொட்டிக்குப் பக்கத்தில்.

நான் அன்று ராத்திரி யோசித்தேன், போராடினேன் என்றெல்லாம் எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. அந்த இடத்திலேயே பதில் சொல்லிவிட்டேன்.

“அது தனி நிலை இல்லம்மா. நிறுத்தம்தான். ஆளு எறங்கினா இன்னா, எறங்காட்டி இன்னா, மில்லு நிக்குது இல்ல?”

“கட்டையை எடுத்துட்டுப் போறாங்களே அண்ணே.”

“அது எங்க பழக்கம்மா. அதுபாட்டுக்கு நடக்கும். கம்ப்யூட்டருக்கும் அதுக்கும் சம்மந்தம் இல்ல.”

அவர் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு தாளைப் பார்த்தார். “நீங்க அதுலயே வேலை செஞ்சவர். நீங்க சொன்னா சரிதான்” என்று ரப்பரை எடுத்து நான்காவது பெட்டியை அழித்தார். தாளை ஊதினார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கும். மற்றவர்கள் என்னைக் கேட்டுவிட்டு, தங்கள் இஷ்டப்படி எழுதுவார்கள். அவர் நான் சொன்னதை நம்பினார்.

கண்ணாடி அறையில் வேலை தொடங்கியது. கீபோர்டில் மில்லுக்கு மூன்று எண். ஒன்று ஓட்டம், இரண்டு நிறுத்தம், மூன்று பழுது. மூன்றை அழுத்தினால் எலக்ட்ரீஷியன் நாகப்பன் இருக்கும் போர்டு ரூமில் ஒரு சின்ன பிரிண்டர் சீட்டு அடிக்கும். சீட்டு வந்ததும் அவர் எழுந்து சரி செய்து, ஓட்டிப் பார்த்து, திரும்பச் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரத்தில் சரி செய்தார் என்பதைக் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். தாமதமானால் மேனேஜர் கூப்பிடுவார். பட்டியலில் இல்லாத வார்த்தையைப் போனில் சொன்னாலும் கூப்பிடுவார்.

போர்டு ரூமிலிருந்து மில்லுக்குப் போகிற வழி என் கண்ணாடியைத் தாண்டித்தான் போகும். மதியச் சங்கு ஊதியதும், நாகப்பன் கை கழுவப் போயிருக்கிற நேரத்தில், வேம்புலி கட்டைகளை முடிந்துகொண்டு அந்த வழியாகப் போவான். என்னைப் பார்த்து இடுப்பு முடிச்சை ஒரு தட்டு தட்டிக் காட்டுவான். சில நாள் கும்பிடு வேறு போடுவான், கோயிலில் சாமிக்குப் போடுகிற மாதிரி. நான் இரண்டை அழுத்துவேன். நிறுத்தம். யாரும் வரமாட்டார்கள். அவன் சுரண்டி முடித்து, கட்டைகளைத் திரும்பச் செருகிவிட்டு, என்னோடு சாப்பிட வருவான். அங்கம்மா இரண்டு பேருக்கும் ஒரே கேரியரில்தான் கட்டித் தருவாள்.

மாதக்கணக்கில் இப்படி நடந்தது. ஒரு குறையும் இல்லை. அத்தனை நாளும் அவனைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது நான்தான் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

தை மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து சில நாள் லீவு போட்டேன். ஆபீஸ் பையன் ஒருவனை என் இடத்தில் உட்கார வைத்தார்கள். அவனுக்கு முடிச்சைத் தட்டினால் என்ன என்று தெரியாது. பல்பு இரண்டும் அணைந்ததும் பட்டியலில் இருக்கிறபடி மூன்றை அழுத்தினான். நாகப்பன் சீட்டைக் கிழித்துப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், கட்டை இல்லை. பழைய ஆள் என்பதால் சந்தேகம் வந்து நேராக மில்லுக்கு நடந்து போய்க் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து வேம்புலி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தானாம்.

நான் திரும்பி வந்த அன்று பஸ்ஸில் அவன் இதைத் தமாஷாகத்தான் சொன்னான். கூட்டத்தில் இரண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“நாகப்பன் மட்டும் சுறுசுறுப்பான ஆளா இருந்துருந்தா, இன்னேரம் எனக்கு மால போட்டு போட்டோ மாட்டியிருப்பீங்க மாமா. சோம்பேறியா இருக்கறதும் நல்லதுக்குத்தான்.”

“உளறாத.”

“இன்னா உளறாத. அந்தம்மா நாலுன்னு பெட்டி போட்டத நான் பாத்தேனே. செவுத்துல பாத்தா மூணுதான் கீது. எங்க போச்சு என்னோடது?”

“அது நிறுத்தத்துலயே வந்துருது.”

“வரலியே மாமா. நீ குந்திகினு இருந்தா வருது. வேற எவனாவது குந்தினா வரல.” கோபமாகச் சொல்லவில்லை. “வெள்ளிக்கெயம அந்தம்மா பட்டியல கடைசியா சரிபாத்துக் குடுக்க வருதாம். நான் ஒரு வார்த்த சொல்லிடறேன். திருப்பிப் போடச் சொல்றேன்.”

“போட்டா கீபோர்ட மில்லாண்ட வெச்சிருவாங்க.”

“வெக்கட்டுமே. நீயும் ஒரு ஸ்டூல போட்டுகினு மில்லாண்ட வந்து குந்து. பேச்சுத் துணைக்கு ஆச்சு. கண்ணாடிக்குள்ள மீன் மாதிரி குந்திகினு கீற, பாக்கவே சகிக்கல.”

என் நெஞ்சுப் படத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாது. நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் பேசாமல் இருந்திருப்பான். ஒருவேளை வேறு வழி ஏதாவது சொல்லியிருப்பான். இதைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்போது நினைத்தது வேறு. அவன் பேசினால் அந்தப் பெண் என்னைப் பார்ப்பார். ஏன் அண்ணே அழிக்கச் சொன்னீங்க என்று கேட்பார். நாற்காலியும் போகும்.

வியாழக்கிழமை சங்கு ஊதியது. ஷெட்டில் இருந்தவர்கள் கை கழுவப் போனார்கள். உலையின் காற்றுப் பெட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. வேம்புலி போர்டு ரூமிலிருந்து வந்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்று முடிச்சைத் தட்டிக் காட்டினான். பிறகு கையைக் குவித்து வாயருகில் கொண்டுபோய், இன்னா குழம்பு என்று சைகையில் கேட்டான். நான் கேரியரைத் திறந்து பார்த்து, மீனைப் போலக் கையை நெளித்துக் காட்டினேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். மில்லின் பல்பு இரண்டும் ஏற்கெனவே அணைந்திருந்தன.

நான் மூன்றை அழுத்தினேன்.

கை தவறியது என்று சொல்லிவிடலாமா என்று பிறகு யோசித்தேன். கை தவறவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சிவப்பு பல்பு எரிந்தது. ஸ்டோரிலிருந்து புதுக் கட்டை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு பச்சை எரிந்தது. பழுது பார்த்தவர் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. பச்சை எரிந்ததால் நான் ஒன்றை அழுத்தினேன். ஓட்டம். அந்தப் பதிவு இன்னும் கம்ப்யூட்டரில் இருக்கும். அதில் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியாது.

ஷெட்டுக்குள் சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். நானும் போனேன். அதை எழுதச் சொல்லாதீர்கள். அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. துண்டின் முடிச்சு மட்டும் அவிழாமல் இருந்தது. கட்டைகளை எண்ணி எடுத்தார்கள்.

போலீஸ் வந்து போக இருட்டிவிட்டது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. கேரியரில் இருவர் பங்கும் அப்படியே இருந்தது. மீன் குழம்பு மறுநாள் வரை நிற்காது. சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அங்கம்மா மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தாள். “நீ எதிர்லதான குந்திகினு இருந்த. ஒனக்குத் தெரியலியா?”

“எனக்கு பல்பு மட்டும்தான் தெரியும்.”

“அவன் உள்ள போனது தெரியாதா?”

“பல்புல அது வராது” என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். இப்போதும் கேரியர் கட்டுகிறாள். ஒருத்தருக்குத்தான் என்பதை மறந்து சில நாள் நிறைய வைத்துவிடுகிறாள்.

விசாரணை நடந்தது. ஞானகுமாரி சார்ட் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பெட்டியை அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் மெல்லிதாகி, வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து லேசாகத் தெரிந்தது. “நான் போட்டேன் சார். நான்தான் எடுத்தேன். என் தப்பு” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். யார் சொல்லி எடுத்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். என் மச்சான் செத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. “நானாத்தான் எடுத்தேன்” என்றார். அந்த வேலையை விட்டே போய்விட்டதாகக் கேள்வி. அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

நான்காவது பெட்டியைத் திரும்பப் போட்டார்கள். பட்டியல் புதிதாக அச்சாகி வந்தது. தமிழை எழுத என்னையே கூப்பிட்டார்கள். ‘ஆள் உள்ளே: மில்லுக்குள் மனிதர் இருக்கும் நிலை. இந்த நிலையில் யாரும் கட்டை போடக் கூடாது’ என்று எழுதினேன். இக்னேஷியஸ் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மில்லுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு ஆளை வைக்க வேண்டியிருந்தது. நான் போகத் தயாராக எழுந்தேன். “வேணாம் கன்னியப்பா” என்றார். “அந்த மில்லு மூஞ்சில நீ இனிமே முழிக்க வேணாம். நீ இங்கயே இரு. நான் இருக்கறவரைக்கும் இந்த சேர் உனக்குத்தான்.” அங்கே வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். இருமல் ஆரம்பித்திருக்கிறது என்று கேள்வி.

நாகப்பனைத்தான் பிடித்தீர்கள். அவர் முதல் நாளிலிருந்து ஒன்றையே சொல்கிறார், கட்டையைப் போடுவதற்கு முன்னால் கண்ணாடி அறைக்குப் போன் செய்தேன் என்று. உள்ளே பேசுகிற போனுக்குப் பதிவு எதுவும் கிடையாது. இக்னேஷியஸ் சார் என்னைக் கேட்டார், வரவில்லை என்றேன். நீங்கள் கேட்டீர்கள், உங்களுக்கும் அதையே சொன்னேன். போன வாரம் அவர் மனைவி பொன்னியம்மா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். வேலை முடிந்து வந்த என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணே, ஒனக்குப் போன உசுருக்கு நான் பதில் சொல்ல முடியாது. அவரு போன் பண்ணாரா இல்லியா, அத்த மட்டும் சொல்லு. பண்ணலன்னா பண்ணலன்னு சொல்லிடு. நானே அவர ரெண்டு அற அறஞ்சிட்டு ஜெயிலுக்கு அனுப்பிடறேன்.”

“பண்ணலம்மா” என்றேன்.

அவள் என் கையை விட்டாள். என்னை நம்பிவிட்டாள். அதை அவள் முகத்தில் பார்த்தேன். கரையான்சாவடி பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

நான் இதை மனசாட்சி குத்தி எழுதவில்லை ஐயா. எனக்குத் தூக்கம் வருகிறது, படுத்தேதான் தூங்குகிறேன். முதலிலிருந்து வரிசையாக, எதையும் விடாமல் எழுது என்றீர்கள். வரிசையாக எழுதிக்கொண்டு வந்தால் ஓர் இடத்தில் அந்தப் போன் வருகிறது. அதை விட்டுவிட்டு மேலே எழுதிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். வேம்புலி சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. வெள்ளிக்கிழமை அவன் அந்தப் பெண்ணிடம் பேசாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

மூன்றை அழுத்திய பிறகு, சிவப்பு பல்பு எரிவதற்கு முன்னால் போன் அடித்தது. நாகப்பன்தான்.

“அண்ணாத்தே, மில்லு பழுதுன்னு சீட்டு வந்துகீது. இங்க பாத்தா கட்ட மூணும் காணோம். போன தபா மாதிரி ஆயிடப் போவுது. வேம்புலி உள்ள கீறானா?”

“இல்ல” என்றேன்.

“நல்லா தெரியுமா? நான் வேணா ஒரு நடை போயி பாத்துட்டு வந்துடட்டா?”

“இப்பதான் இப்படிப் போனான், சாப்பாட்டுக்கு. கட்டய மறந்து மடியிலயே எடுத்துகினு பூட்டான் போல. நீ போட்டு ஓட்டிப் பாரு நைனா. நேரம் ஓடுது, அப்பறம் மேனேஜர் உன்னத்தான் கேப்பாரு.”

“சரி அண்ணாத்தே” என்று வைத்துவிட்டார்.

நாகப்பனை விட்டுவிடுங்கள். அவர் கேட்டார். நான் பதில் சொன்னேன். ஆனால் நான் பொய் சொன்னதாக மட்டும் எழுதிக்கொள்ள வேண்டாம் ஐயா. வேண்டுமானால் அன்றைய பட்டியலை எடுத்துப் பாருங்கள். அன்றைக்கு மில்லுக்கு மூன்றே நிலைதான். ஆள் உள்ளே என்று ஒன்று அதில் இல்லை.